சிவப்புப் பொட்டு வைத்த டம்ளர்

நீங்கள் அவளைத் திருடி என்று எழுதினீர்கள். அவள் திருடியதாக எழுதிய பொருள் இன்றைக்கும் உங்கள் மேசை மேல்தான் இருக்கிறது. அதில் பேனா போட்டு வைத்திருக்கிறீர்கள்.

மாணவர் நலன் அலுவலர் அவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். புது மாணவர் வரவேற்பு நாளுக்கு மலர் போடுகிறோம், மறக்க முடியாத சீனியர் ஒருவரைப் பற்றிப் பழைய மாணவர்கள் எழுதித் தர வேண்டும் என்று உங்கள் அலுவலகத்திலிருந்துதான் எனக்கு மெயில் வந்தது. எழுதுகிறேன். அழகாக எழுத எனக்கு வராது. நடந்ததைச் சொல்லத் தெரியும்.

அவள் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் மறுபடி ஒரு ஃபைலைத் திறந்து அதற்குள் அவளைப் போடுவீர்கள். நாங்கள் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அது போதும்.

அக்காவுக்கு எப்போதும் தாகம். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், உட்காருவதற்கு முன்னால், பெயரைச் சொல்வதற்கு முன்னால், "ஒரு டம்ளர் தண்ணி கெடைக்குமா?" என்பாள். வெளியே மழை கொட்டினாலும் கேட்பாள். இளநீர் குடித்துவிட்டு நேராகப் போய்க் கேட்பாள். கூடப் படித்த பையன்கள் அவளுக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்திருந்தார்கள். "ஒட்டகம் தண்ணி இல்லாம கீறதுக்குப் பேர் போனதுடா பேமானி. அதுகூட உனுக்குத் தெரியாதா?" என்று திருப்பிக் கொடுப்பாள்.

குள்ளமான உருவம். பஸ் கண்டக்டர் குரல். முடியை இழுத்து உச்சியில் கொண்டை போட்டிருப்பாள். தோளில் ஒரு பெரிய துணிப்பை தொங்கும். வரலாறு எம்.ஏ. இரண்டாம் வருடம். வகுப்பில் கை தூக்காமலேயே கேள்வி கேட்பாள். ஆராய்ச்சிக்குப் போக வேண்டும், சென்னை ஆற்றங்கரைகளில் இருந்த குடியிருப்புகளைப் பற்றி எழுத வேண்டும், அது ஒன்றுதான் அவள் திட்டம். வேறு எதைப் பற்றிப் பேசினாலும் அங்கே வந்துதான் முடிப்பாள்.

நமது பல்கலைக்கழக விடுதியில் முதல் வருடத்துக்கு இடம் கிடையாது. அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு அறை தேட உதவ சீனியர்களைக் கொண்டு ஒரு வரவேற்புக் குழு வைத்திருந்தீர்கள். மற்ற சீனியர்கள் ஒரு போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அக்கா கூடவே வருவாள். வீட்டுக்குள் வருவாள். தண்ணீர் கேட்பாள்.

நானும் அப்பாவும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தோம். அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. ரயிலில் வரும்போதே சொல்லிவிட்டார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள பத்திரமா ஒரு எடம் கெடச்சா நீ இரி. இல்லன்னா என்கூடவே ரயிலேறு. நம்மூர் காலேஜ்லயே சேத்து விடுதேன்." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சாப்பாடு என்னன்னு கேட்டா சைவம்னு சொல்லு. எந்தத் தெருன்னு கேட்டா பஸ் ஸ்டாண்டு பக்கம்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத" என்றார்.

எங்கள் ஊரில் தெருப் பெயரைச் சொன்னால் போதும். மிச்சத்தைக் கேட்கிறவர்களே தெரிந்துகொள்வார்கள். கருவாட்டுக் குழம்பில்லாமல் எனக்குச் சோறு இறங்காது. ஆனாலும் தலையை ஆட்டினேன். எனக்கு இந்தப் படிப்பு வேண்டும்.

வரவேற்பு மேசைக்கு முன்னால் அப்பா கும்பிட்டுக்கொண்டு நின்றார். அக்கா எழுந்து வந்தாள்.

"இன்னா நைனா, ஊர்லேந்து நேரா வரியா? நாஸ்டா துன்னியா?"

அப்பாவின் முகம் மாறிவிட்டது. "ஏட்டி, இந்தப் பிள்ள என்ன சொல்லுது?"

"சாப்ட்டீங்களான்னு கேக்காங்கப்பா."

"அதுக்கு எதுக்கு இந்த அதட்டு?"

"அதட்ல நைனா, என் கொரலே அப்டித்தான்" என்று இன்னும் சத்தமாகச் சொன்னாள் அக்கா. "வா, பொண்ணுக்கு ஊடு பாக்கலாம்."

முதலில் மயிலாப்பூர். தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் மாடி அறை. கதவைத் திறந்த மாமிக்கு அறுபது வயதிருக்கும். அக்கா வாசலிலேயே தண்ணீர் கேட்டாள். மாமி ஒரு செம்பும் ஒரே ஒரு டம்ளரும் கொண்டுவந்து வைத்தார். "தூக்கிக் குடிங்கோ. எங்காத்துல யாரானாலும் அப்படித்தான்." பிறகு தாமே அதே டம்ளரில் ஊற்றித் தூக்கிக் குடித்தார். எங்கள் மூன்று பேருக்கும் அதே டம்ளர்தான் வந்தது.

"நேர சொல்லிடறேன்" என்றார் மாமி. "முட்டைகூட உள்ள வரப்படாது. வாசனை எனக்கு ஒத்துக்காது. வெளில சாப்டுண்டு வரட்டும், அது அவ இஷ்டம்."

நான் "சைவந்தான்" என்று ஆரம்பித்தேன். அக்கா என் காலை மிதித்தாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "நல்லவங்களாத்தான இருக்காங்க? ஏன்க்கா மிதிச்சீங்க?"

"நல்ல பொம்பளதான். இன்னா மனசுல கீதோ அத்த அப்டியே சொல்லிச்சு. நீ அதாண்ட பொய் சொல்லிட்டு ரெண்டு வருசம் ஒளிஞ்சி ஒளிஞ்சி கருவாடு துன்னுவியா? உன் மூஞ்சப் பாத்தாலே தெரியுது, நீ கருவாட்டுப் பார்ட்டின்னு."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

பாண்டி பஜாருக்குப் போகப் பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பிங்க் பஸ்ஸில் ஏறினோம். அப்பாவுக்கு மட்டும் டிக்கெட். "ஆம்பளயாப் பொறந்ததுக்கு அபராதம் கட்டு நைனா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, நான் கேட்காமலேயே தண்ணீர் விஷயத்தைச் சொன்னாள்.

"வாயி ஒயுங்காத்தான் பேசும் கண்ணு. நாங்க அதெல்லாம் பாக்க மாட்டோம்னு அல்லாரும் சொல்வாங்க. தண்ணி கேளு. எதுல வருது, யாருக்கு எதுல வருது, காலி டம்ளர வாங்குறப்ப எந்த எடத்துல புடிக்கிறாங்க, அத்தப் பாரு. குடியிருந்து நொந்து தெரிஞ்சுக்கறத உள்ள போவும்போதே தெரிஞ்சுக்கலாம்."

இது எல்லாருக்கும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். திருவாரூரிலிருந்து வந்த ஒரு பெண் பிறகு ஒரு நாள் கேன்டீனில் அவள் முகத்துக்கு நேராகவே கத்தினாள். "உன் தண்ணியால எனக்கு நல்ல ரூம் போச்சு. அவங்க எதுல வேணா குடுத்துட்டுப் போறாங்க. எனக்குப் படுக்க எடம் வேணும், மரியாதை வேணாம்." அக்கா தட்டிலிருந்த சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள். அன்று மாலை அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு மறுபடி அறை தேடப் போனாள். மறுபடியும் தண்ணீர் கேட்டாள். அவள் அப்படித்தான். கூட இருப்பது சுலபமில்லை.

அன்று அடுத்ததாகப் போனது தி.நகரில் உஸ்மான் சாலைக்குப் பின்பக்கம் ஒரு பெரிய வீடு. ஜவுளிக்கடை வைத்திருக்கிற குடும்பம். கடைப் பெண்கள் தங்க மாடியில் அறைகள் கட்டி, மீதியைப் படிக்கிற பெண்களுக்கு விடுகிறார்கள். வீட்டுக்காரர் எங்கள் பக்கத்து ஆள். அப்பாவின் பேச்சைக் கேட்டதும் அவருக்கு முகமெல்லாம் பல்.

"அட, நம்மூர்ப் பக்கமா! வாங்கண்ணாச்சி, உக்காருங்க. எந்தூரு?"

அப்பா ஊரைச் சொன்னார். அக்கா தண்ணீர் கேட்டாள். "தண்ணி என்ன தண்ணி, காப்பியே போடச் சொல்லுதேன்" என்றார் அவர். அவர் மனைவி ஒரு தட்டில் மூன்று டம்ளர் தண்ணீரோடு சமையலறையிலிருந்து வெளியே வந்தார்.

"ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்றார் அப்பா.

"பஸ் ஸ்டாண்டுக்கு நாலா பக்கமும் தெரு இருக்கே. நமக்குத் தெரியாத தெருவா? எந்தத் தெருன்னு சொல்லுங்க."

"தெரு எதுக்கு அண்ணாச்சி, லெட்டர் போடப் போறியா?" என்றாள் அக்கா.

அவர் சிரிக்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா தரையைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. நான் எங்கள் தெருவின் பெயரைச் சொன்னேன்.

அவர் தன் மனைவி பக்கம் லேசாகக் கண்ணைக் காட்டினார். அந்த அம்மா பாதி வழியில் நின்றார். தட்டோடு திரும்பிச் சமையலறைக்குள் போய்விட்டார்.

"அண்ணாச்சி, தண்ணி திரும்பிப் போவுது" என்றாள் அக்கா.

"ரூம் காலியில்லம்மா. நேத்தே ஆள் வந்துட்டு. மறந்துட்டேன்."

அப்பா எழுந்துவிட்டார். தெருவில் இறங்கி விறுவிறுவென்று நடந்தார். நாங்கள் ஓடிப்போய்ப் பிடித்தோம். "போதும்ட்டி" என்றார். "இதுக்கு நம்மூரே தேவல. அங்கயாவது எவன் எப்படின்னு தெரியும். சாயங்காலம் ரயிலுக்குப் போவோம்."

அக்கா குறுக்கே போய் நின்றாள். "நைனா, நாளிக்குத்தான் ஞாயித்துக்கெயம. நீ சொன்ன வாக்குத்தான அது? நாளிக்கு வரைக்கும் டைம் கீது. இப்ப பசி. வா."

அவள் எங்களைக் கூட்டிப் போனது நொச்சிக்குப்பத்துக்கு. ரோட்டோரத்தில் மீன் விற்கும் அவளுடைய சித்தி, அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாடி இது, மூஞ்ச இப்டி வச்சிக்கினு ஒரு ஆள இட்டாந்துக்கீற? வஞ்சிரம் வாங்க வந்தவரா, வஞ்சிக்கப்பட்டவரா?"

"சித்தி, சும்மா இரு. ஊர்லேந்து வந்துக்கீறாரு. தண்ணி குடு."

"தோ கொடம் கீது, மொண்டு குடிக்க கை இல்லியா?" சித்தி மீன் வெட்டின கையை எங்கள் பக்கம் காட்டினாள். "நான் மொண்டு குடுத்தா மீன் கொயம்பாத்தான் குடிக்கணும்."

அப்பா போய்க் குடத்துக்குள் செம்பை விட்டார். அண்ணாந்து குடித்தார். இன்னொரு செம்பு மொண்டு குடித்தார். சித்தி வீட்டில் நெத்திலி வறுவலும் சோறும் போட்டார்கள். அப்பா அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. "இந்த ஊர்ல இப்படியும் எடம் இருக்காம்மா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"இதான் நைனா இந்த ஊரு. மத்ததெல்லாம் அப்பால வந்தது."

நாங்கள் தங்கியிருந்த லாட்ஜுக்குத் திரும்பும்போது சைதாப்பேட்டைப் பாலத்தின் மேல் பஸ் நின்று நின்று போனது. அக்கா ஜன்னல் வழியாக ஆற்றங்கரையில் புதிதாகப் போட்டிருந்த நடைபாதையைக் காட்டினாள். டீ ஷர்ட் போட்ட இரண்டு பேர் வேகவேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். "தோ, அந்த வெள்ள பேண்ட்டுக்காரு நடக்கறாரு பாரு, அதான் எங்க ஊட்டு சமையக்கட்டு." அங்கே இருந்த வீடுகளை இடித்து, அக்கா குடும்பத்தை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வகுப்புக்கு வருவாள். ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை.

மறுநாள் ஞாயிறு. பட்டியலில் மிச்சமிருந்தது ஒரு வீடுதான். அடையாறு, சாஸ்திரி நகர். நீங்கள் உங்கள் அலுவலகத்துப் பலகையில் அங்கீகாரம் பெற்ற வீடு என்று போட்டிருந்த வீடு. வரவேற்பு விழாவில் முன் வரிசையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்துவீர்களே, அதே ஓய்வுபெற்ற அதிகாரியின் வீடு.

நல்ல வீடு. பொய் சொல்ல மாட்டேன். வாசலில் மாமரம். தனி வழி, தனிக் குளியலறை, கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். அப்பா தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. வீட்டுக்காரர் எந்த ஊர் என்று கேட்கவில்லை. எந்தத் தெரு என்று கேட்கவில்லை. "வெஜ், நான்வெஜ் எல்லாம் உங்க சௌகரியம். நாங்க அதெல்லாம் பாக்கறதில்ல" என்று அவராகவே சொன்னார். நாங்கள் கேட்கவே இல்லை.

எனக்கு அந்த அறை வேண்டும் போலிருந்தது. அக்கா இன்றைக்கு மட்டும் வாயைத் திறக்கக் கூடாதே என்று நினைத்தேன்.

"சார், ஒரு டம்ளர் தண்ணி கெடைக்குமா?"

"ஓ, ஷ்யூர்" என்றார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். வேலை செய்கிற பெண் எனக்கும் அப்பாவுக்கும் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். வீட்டுக்காரர் அக்காவைக் காட்டி, "இவங்களுக்கு அதுல குடு" என்றார். அந்தப் பெண் அக்காவைப் பார்த்தாள். அசையவில்லை. "சொன்னேன்ல" என்றார் அவர். அவள் வெளியே போய், மின்சார மீட்டர்ப் பெட்டியின் மேல் கவிழ்த்து வைத்திருந்த ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து, வெளிக்குழாயில் கழுவி, தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள்.

எங்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் இஸ்திரி போட்ட சுடிதாரில் இருந்தேன், அப்பா வெள்ளை வேட்டியில் இருந்தார். அக்காவின் பேச்சு ஒன்றுதான் அவருக்குத் தெரியும். அது போதுமாக இருந்தது.

அக்கா முழுத் தண்ணீரையும் நிதானமாகக் குடித்தாள். வாய் வைத்துத்தான் குடித்தாள். பிறகு டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் நகப்பாலிஷால் வைத்த ஒரு சிவப்புப் பொட்டு.

"இது இன்னா சார் பொட்டு?"

"அது... கலந்துடக் கூடாதுன்னு ஒரு அடையாளம். வேலைக்கு வர்றவங்களுக்கு. ஹைஜீன்தான், வேற ஒண்ணுமில்ல."

"நான் வேலைக்கு வர்லியே சார். ரூம் பாக்கத்தான வந்தேன்?"

"நீங்க தங்கப் போறதில்லையே. அந்தப் பொண்ணுதான தங்கப் போகுது? எதுக்கு இதைப் பெரிசு பண்றீங்க?"

அப்பா தன் கையிலிருந்த கண்ணாடி டம்ளரைப் பார்த்தார். குடிக்காமலேயே கீழே வைத்தார்.

"நான் வாய் வச்சிட்டேன் சார். இனிமே இது உங்களுக்கு எதுக்கு?" அக்கா டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். மறைக்கவில்லை. பையில் போடவில்லை. தெருவே பார்க்கப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கேட்டுக்கு வெளியே வேலைக்காரப் பெண் ஓடிவந்தாள். டம்ளரை எடுத்துப் போனதற்குச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் மூச்சு வாங்க, "யக்கா, நாளிக்கு நான் எதுல குடிக்கிறது?" என்றாள்.

அக்கா அப்படியே நின்றுவிட்டாள். துணிப்பையைத் திறந்தாள். உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில். கழுத்து வரை நிறைந்திருந்தது. அதை அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். "இத்த வச்சிக்க. உன்தா இது. எவனும் பொட்டு வெக்க முடியாது."

இத்தனை வீட்டிலும் தாகம் என்று கேட்டவளின் பையில் முழுப் பாட்டில் தண்ணீர் இருந்திருக்கிறது.

நடக்கும்போது, என்னிடம் சொல்லவில்லை, அப்பாவிடம் சொன்னாள். "எங்கம்மா வேல செஞ்ச ஊட்ல அதோட டம்ளரு பாத்ரூம் ஜன்னல்ல இருக்கும் நைனா. ஸ்கூல் உட்டு அங்கதான் போவேன். எனுக்கும் அதுலதான். நான் அது எனுக்குன்னு ஸ்பெசலா வாங்கி வச்சதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்." அப்பா அவளுடைய துணிப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

மீதி உங்களுக்குத் தெரியும். ஆனால் மலரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது.

வரவேற்பு வாரம் என்பதால் ஞாயிறும் நீங்கள் அலுவலகத்தில் இருந்தீர்கள். அக்கா டம்ளரை உங்கள் மேசை மேல் கவிழ்த்து வைத்தாள். பொட்டு மேலே தெரிந்தது. "சார், இந்த ஊட்டப் பலகையிலேந்து எடுங்க" என்றாள். நானும் அப்பாவும் சுவரோரம் நின்றுகொண்டிருந்தோம். எங்களை உட்காரச் சொல்லவில்லை நீங்கள். அவளை உட்காரச் சொன்னீர்கள், அதுவும் "உக்காரும்மா, எமோஷனல் ஆகாத" என்று.

"இது ஒரு டம்ளர். இதை வச்சு நான் என்ன ஆக்‌ஷன் எடுக்க முடியும்?" என்றீர்கள். அப்போதே வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. நீங்கள் ஸ்பீக்கரில் போட்டீர்கள். உங்கள் வசதிக்காகப் போட்டீர்கள், எங்களுக்கும் கேட்டது.

"உங்க ஸ்டூடண்ட் என் வீட்ல திருடிட்டுப் போயிருக்கா."

"டம்ளர் என் டேபிள்லதான் சார் இருக்கு. ஒண்ணும் ஆகல. பியூன்கிட்டக் குடுத்தனுப்பறேன்."

"வேணாம் வேணாம். அதைத் திரும்ப உள்ள கொண்டுவர வேணாம். நீங்களே வச்சுக்குங்க. ஆக்‌ஷன் எடுங்க, அது போதும்."

அறையில் நாங்கள் மூன்று பேரும் கேட்டோம். நீங்களும் கேட்டீர்கள். உங்கள் கை ஒரு நிமிடம் அந்த டம்ளரைத் தொடப் போய், தொடாமல் நின்றதை நான் பார்த்தேன்.

அப்பா அதுவரை எந்த அதிகாரி முன்னாலும் வாய் திறந்தவரில்லை. அன்றைக்குத் திறந்தார். "அய்யா, களவு போன பொருளு வேண்டாம்னு சொல்லுத ஆள நான் இன்னைக்குத்தான் பாக்கேன்." நீங்கள் அவரைப் பார்க்கக்கூட இல்லை. "நீங்க யாரு? வெளில வெயிட் பண்ணுங்க" என்றீர்கள்.

வெளியே வந்ததும் அப்பா என்னிடம் சொன்னார். "நீ இங்கயே படி. இந்தப் பிள்ள இருக்க ஊர்ல நீயும் இரி." எனக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை. இன்னும் அறை கிடைக்கவில்லை. ரயிலுக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

அக்கா வெளியே வந்தபோது முகம் இறுகியிருந்தது. என்ன நடந்தது என்று சொல்லவில்லை. "வா, மந்தவெளில ஒரு ஊடு கீது, கேட்டுப் பாக்கலாம்" என்றாள் அவ்வளவுதான். அங்கே கதவைத் திறந்த அம்மா பெரிய உடம்புக்காரி. அக்கா வழக்கம்போல் தண்ணீர் கேட்டாள். "கிச்சன்ல இருக்கு, போய் எடுத்துக் குடி. எனக்கு முட்டி வலி, எந்திரிக்க முடியாது. குடிச்சிட்டு எனக்கும் ஒண்ணு கொண்டா" என்றார் அந்த அம்மா. அக்கா சமையலறைக்குள் போனாள். அலமாரியிலிருந்து கைக்கு வந்த டம்ளரை எடுத்தாள். நான் அந்த வீட்டில் இரண்டு வருடம் இருந்தேன். கருவாடு வறுத்தேன். அப்பா அன்று தனியாக ரயிலேறினார்.

வரவேற்புக் குழுவிலிருந்து அக்காவை நீக்கியதை அடுத்த வாரம்தான் தெரிந்துகொண்டோம். காரணம் திருட்டு. அது அவளுடைய நன்னடத்தைச் சான்றிதழிலும் ஏறியது. ஆராய்ச்சி இடத்துக்கு நேர்காணலுக்குப் போனாள். ஆற்றங்கரையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சான்றிதழைக் காட்டி, "இது என்னம்மா?" என்றார்களாம். "டம்ளரு சார்" என்றாளாம். இதை எங்களிடம் நடித்துக் காட்டிச் சிரித்தாள். நாங்கள் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டாள்.

இப்போது அவள் ஊருக்கு வெளியே ஒரு கம்பெனியில் போனில் பேசுகிற வேலை பார்க்கிறாள். அந்தப் பேச்சையே மாற்றச் சொல்லிப் பயிற்சி கொடுத்தார்களாம். "கஸ்டமராண்ட மட்டும் மாத்திப் பேசறேன் கண்ணு. உன்னாண்ட எதுக்கு?" என்றாள். ஆராய்ச்சியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளும் அங்கே வந்து முடிக்கவில்லை.

போன மாதம் ஒரு சான்றிதழில் உங்கள் கையெழுத்து வாங்க வந்தேன். உங்களுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கையெழுத்துப் போட நீங்கள் அந்த டம்ளரிலிருந்துதான் பேனா எடுத்தீர்கள். பலகையில் அந்த சாஸ்திரி நகர் வீடு இன்னும் இருந்தது. அதன் முகவரியை ஒரு புதுப் பெண் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அப்பா, கையில் பெட்டியோடு.

எனவே கேட்கிறேன். எனக்கு மெயிலில் பதில் போட வேண்டாம். அறைக்குக் கூப்பிட்டு டீ கொடுக்க வேண்டாம். வரவேற்பு நாளில் மேடையில் பேசுவீர்கள் இல்லையா? புதுப் பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வீட்டுக்காரரும் முன் வரிசையில் இருப்பார். பேனாக்களைக் கொட்டிவிட்டு அந்த டம்ளரை மேடைக்குக் கொண்டுவாருங்கள். அது திருட்டுப் பொருள் என்றால், மைக்கில் சொல்லிவிட்டு, இறங்கி வந்து உடையவர் கையில் கொடுங்கள். அவர் வாங்கிக்கொண்டால் நான் எழுதியதெல்லாம் தப்பு என்று அதே மேடையில் ஏறிச் சொல்கிறேன்.

அவர் கையை நீட்டவில்லை என்றால், அதில் தண்ணீர் ஊற்றி நீங்கள் குடியுங்கள். முடியாது என்றால், ஏன் முடியாது என்று அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லுங்கள்.